காத்து பிரிஞ்சுதாம்மா?

குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அன்றும் அதையேதான் கேட்டார். "காத்து பிரிஞ்சுதாம்மா?" அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் முன்னால் இதற்கெல்லாம் எப்படிப் பதில் சொல்வது?

ஆனால், அந்த ஒரு பதிலுக்காகத்தான் டாக்டர் காத்திருந்தார். கை, கால் போல நாம் நினைத்தால் அசைகிற தசை இல்லை, குடலின் மென்தசை. அதற்கு உத்தரவு போட குடல் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. உணவுக்குப் பின்னால் சுருங்கு, முன்னால் தளர்ந்து வழிவிடு... இவ்வளவுதான் உத்தரவு. வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டாலும் குடல் இதைச் செய்கிறது என்று 1899-லேயே லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாய்களிடம் சோதித்துச் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட குடலும் வயிற்றைத் திறந்து கைவைத்தால் ஸ்டிரைக் செய்துவிடும். மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் அதை இன்னும் மந்தமாக்கும். சிறுகுடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பெருங்குடல்தான் இரண்டு, மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சாப்பிடக் கொடுத்தால் சிலருக்கு வயிறு உப்பும், வாந்தி வரும்.

சாயங்காலம் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நாலு நடை நடந்தார். திரும்பி வந்தவர் நர்ஸை மட்டும் அருகில் அழைத்து, காதில் ஏதோ சொன்னார். நர்ஸ் சிரித்தபடி டாக்டருக்கு போன் போட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு நாலு ஸ்பூன் கஞ்சித்தண்ணி கிடைத்தது.