விடுபட்ட தொகுதி

டிசம்பர் பிறந்துவிட்டால், அனிமே பார்க்கிறவர் இருக்கும் வீட்டில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடும்: இவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? பதில் பெரும்பாலும் கடையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். நருட்டோ முகம் அச்சிட்ட கோப்பை, லூஃபியின் வைக்கோல் தொப்பி ஆடும் சாவிக்கொத்து, பிகாச்சு டி-ஷர்ட். கொடுக்கிறவரின் அன்பில் குறையே கிடையாது. ஆனாலும் இவை ரசிகருக்கான பொருள்கள். ரசிகருக்கு, நேசிக்கும் கதையை நினைவூட்டுகிற எதுவும் இனிக்கும். சேகரிப்பாளரும் நேசிப்பவர்தான், கூடவே அவர் மனத்தில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். தன்னிடம் இருப்பதைச் சொல்லச் சற்று யோசிப்பார். இல்லாததைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆகவே அவருக்கு என்ன பிடிக்கும் என்று விசாரிப்பதில் பெரிய பயனில்லை. அவரிடம் எது இல்லை என்று தெரிந்துகொள்வதே பரிசு வாங்குவதில் முக்கால் பங்கு வேலை என்பது என் கட்சி.

கட்சுஹிரோ ஒட்டோமோவின் ‘அகிரா’ காமிக்ஸையே எடுத்துக்கொள்வோம். 1982-இல் ஜப்பானில் தொடராகத் தொடங்கி 1990-இல் முடிந்தது. நூலாக ஆறு பருத்த தொகுதிகள். 1988-இல் ஒட்டோமோவே அதைத் திரைப்படமாக்கினார். அதே ஆண்டு அமெரிக்காவில் மார்வெலின் எபிக் பிரிவு அதற்கு வண்ணம் சேர்த்து இதழ் இதழாக வெளியிடத் தொடங்கியது. வண்ணமிட்டவர் ஸ்டீவ் ஓலிஃப். கணினி கொண்டு வண்ணமிட்ட ஆரம்பகாலக் காமிக்ஸ்களில் ஒன்று அது. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்களுக்காகப் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்டார்கள். 2000-இல் டார்க் ஹார்ஸ் அதைக் கறுப்பு வெள்ளைக்கு மீட்டபோதும் பக்கங்கள் திரும்பியபடியே இருந்தன. 2017-இல் கோடன்ஷா வெளியிட்ட 35-ஆம் ஆண்டுப் பெட்டியில்தான் ஆங்கில வாசகர்களுக்கு அது வலமிருந்து இடமாக, ஒட்டோமோ வரைந்த வாக்கில், ஜப்பானிய ஒலிச் சொற்கள் கலையாமல் கிடைத்தது. இப்போது சொல்லுங்கள்: ‘அவரிடம்தான் அகிரா இருக்கிறதே’ என்ற வாக்கியத்துக்கு என்ன பொருள்? பெட்டி வைத்திருப்பவர் ஓலிஃபின் வண்ணங்களுக்காக எபிக் இதழ்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். எபிக்கின் 38 இதழ்களில் 37 சேர்த்தவருக்கு அந்தப் பெட்டி இரண்டாம் பட்சமாகவும், விடுபட்ட ஒரே இதழ் உயிராகவும் இருக்கலாம். முத்து காமிக்ஸின் பழைய ‘இரும்புக்கை மாயாவி’யைத் தேடி அலைந்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மறுபதிப்பில் கதை முழுசாக இருக்கும். 1972-இன் தாளும் அச்சும் இருக்காது.

பதிப்பைத் தாண்டினால் கருவி குறுக்கே நிற்கிறது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியின் கேட்ரிட்ஜுக்கு 60 முனைகள். அதன் அமெரிக்க வடிவத்துக்கு 72. ஒன்றை மற்றதில் நேரடியாகச் செருக முடியாது. ப்ளூ-ரே வட்டுகளில் ஜப்பான், அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ‘ஏ’ மண்டலம். இந்தியாவும் இலங்கையும் ‘சி’. பூட்டில்லாத வட்டுகளும் உண்டு என்றாலும், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா ஆசையாக வாங்கிவரும் படம் சென்னைக் கருவியில் ஓடாமல் போக வாய்ப்பிருக்கிறது. இன்னொன்று, மிகச் சின்ன விஷயம். ஜப்பானிய நூல்களின் அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை வரும். கிமோனோவின் இடைக்கச்சைக்குரிய ‘ஓபி’ என்ற பெயரே அதற்கும். விளம்பரத்துக்காகச் சுற்றுவது என்பதால் வாங்கியவுடன் பலர் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதனாலேயே பட்டையோடு தப்பிய பழைய பிரதிக்கு மதிப்பு கூடுகிறது. பரிசு அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பட்டையை உருவிவிட்டு வண்ணத்தாள் சுற்றிக் கொடுப்பவரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேட்டு வாங்கினால் வியப்பு போய்விடுமே என்பார்கள். ஜப்பானையே சான்றுக்கு இழுக்கவும் செய்யலாம்: புத்தாண்டில் அங்கே கடைகள் ‘ஃபுகுபுகுரோ’ என்று உள்ளே இருப்பது தெரியாத பைகளை விற்கின்றன, ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ஆனால் பையை வாங்குகிறவர் அந்தச் சூதை விரும்பித் தானே ஆடுகிறார். வேண்டாததை நண்பர்களிடம் மாற்றிக்கொள்ளவும் அவருக்குத் தடையில்லை. அத்தை கொடுத்த பொம்மையை யாரிடம் மாற்றுவது? அது முகத்தாட்சண்யத்துக்காகக் காலமெல்லாம் அலமாரியில் இடம் பிடித்திருக்கும். அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். இதற்குப் பொருளியலின் ஆதரவும் இருக்கிறது. ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் எழுதிய கட்டுரையில், பண்டிகைப் பரிசுகளின் மதிப்பில் பத்திலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை வீணாகிறது என்று கணக்கிட்டார். பெறுகிறவர் அவற்றுக்கு அவ்வளவு குறைவாகவே விலை மதிக்கிறார். கணக்கை நான் மறுக்கவில்லை. அந்த நஷ்டத்துக்குக் காரணம் பெறுகிறவரை அறியாமல் வாங்குவதுதானே? அறிந்து வாங்கினால் அது குறையும். அதோடு, தேடுவதற்கு நேரமும் உழைப்பும் வேண்டும். அவற்றைப் பணத்தோடு உறையில் போட்டுக் கொடுக்க முடியாது.

பொருளே எதற்கு, இணையச் சந்தா போதாதா என்ற கேள்விதான் இவற்றில் கனமானது. வீட்டில் இடம் குறைவு, விலை அதிகம் என்பதெல்லாம் உண்மை. பார்ப்பதற்கு மட்டுமானால் சந்தாவே நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2023 மார்ச் 27 அன்று நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடியது. அங்கே மட்டுமே விற்ற விளையாட்டுகளை இனி யாரும் புதிதாக வாங்க முடியாது. 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் என்ற அனிமே இணையச் சேவை மூடப்பட்டபோது, வட்டோடு வந்த குறியீட்டைப் பதிந்து பெற்ற இணையப் பிரதிகள் கைவிட்டுப் போயின. வட்டை வைத்திருந்தவர்களிடம் படம் இருந்தது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தனி மனிதர்களின் அலமாரிகள் அந்த இழப்பில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மறுப்புக்கு மட்டும் நான் பாதி இணங்குகிறேன். சில இடைவெளிகளைச் சேகரிப்பாளர் தானே நிரப்ப விரும்புவார். டோக்கியோவின் நகானோ பிராட்வே கடை வளாகத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கித் தேடுகிற சுகத்தைப் பிறர் பறிக்கக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு, ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றித் தரலாம். 1996-இல் வந்த முதல் போகிமான் கேட்ரிட்ஜ்களுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. விளையாடியவர் சேமித்த ஆட்டம் அதன் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. 1999-இல் வந்த கோல்ட், சில்வரில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட்டரி முழுதாகச் செத்துப்போவதற்குள், சேமித்த ஆட்டத்தைப் படியெடுத்து வைத்து, புதிய பேட்டரியைப் பற்றவைத்து, அந்த ஆட்டத்தைத் திரும்ப ஏற்றித் தரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கான கூலியை டிசம்பரில் யாராவது கட்டிவிட்டால், பத்து வயதில் ஒரு பிள்ளை பெயர் சூட்டி வளர்த்த பிகாச்சு ஜனவரியிலும் அதே பெயரோடு அங்கே இருக்கும்.