கூப்பிடாத வீட்டுக்குப் போற மெயில்

முன்பின் தெரியாதவங்களுக்கு "எங்க சரக்கை வாங்குங்க"ன்னு மெயில் தட்டி விட்டா யாவாரம் ஆகுமா? பொட்டி தட்டுறவன் வீட்டுல இருந்தா சொந்தக்காரங்க இதையெல்லாம் அவன்கிட்டதான் கேப்பாங்க. பிரிண்டர் ரிப்பேருக்கு அடுத்தபடியா எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்.

ஆகும்னு சொல்றவங்க காட்டுற ஆதாரம் பழசு. 1978 மே 3-ஆம் தேதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ல மார்க்கெட்டிங் பார்த்த கேரி துர்க், ஆர்ப்பாநெட்ல சுமார் 400 பேருக்கு ஒரே மெயில் அனுப்பினார். புது கம்ப்யூட்டர் வந்திருக்கு, வந்து பாருங்கன்னு. திட்டு வண்டி வண்டியா விழுந்துச்சு. ஆனா ஒரு கோடி டாலருக்கு மேல யாவாரம் ஆச்சுன்னு அவரே பின்னாடி சொன்னார். ஒண்ணு கவனிங்க மக்கா, அந்த 400 பேரும் கம்ப்யூட்டரோடவே குடும்பம் நடத்தினவங்க. கறிக்கடை வாசல்ல கத்தி வித்த மாதிரி!

இன்னொரு பக்கம் 2008-ல வந்த ஆராய்ச்சி. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்கள் ஸ்டார்ம்னு ஒரு ஸ்பாம் கும்பலோட நெட்வொர்க்குக்குள்ளயே புகுந்து எண்ணிப் பார்த்தாங்க. 26 நாள்ல சுமார் 35 கோடி மருந்து விளம்பர மெயில். கடைசி வரைக்கும் போய் வாங்க முயற்சி பண்ணினது 28 பேர். கணக்கு போட்டா ஒரு ஆர்டருக்கு ஒண்ணேகால் கோடி மெயில். (திருட்டு மருந்துதான், ஊதுபத்தியில்ல. இருந்தாலும்...)

ஊதுபத்தின்னு ஏன் சொன்னேன்னா, இரும்பையில எங்க பெரியப்பா பையன் அதைத்தான் செய்யறார். கடுவெளிச் சித்தர் கதை சொல்ற மாகாளேஸ்வரர் கோயில் ஊரு; ஆரோவில் பக்கத்துலயே இருக்கு. 6 பொம்பளைங்க அவர்கிட்ட வேலை பாக்கறாங்க. போன வருஷம் ஆர்டர் குறைஞ்சு போச்சு. யாரோ 10,000 வெளிநாட்டுக் கடை மெயில் ஐடி இருக்கு, 15,000 ரூபாய்னு சொல்லியிருக்காங்க.

"தம்பி, ஒரே அமுக்குல எல்லாருக்கும் போயிடுமாம்பா. பத்து பேர் வாங்கினாக்கூட போதும்டா."

"அண்ணே, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் குடுத்தா அதைக் கசக்கிப் போட்டுட்டுப் போயிடுவான். மெயில்ல ஸ்பாம்னு ஒரு பட்டனை அமுக்குவான். அது உங்க பேர்ல ஏறும்."

இதுதான் நிஜமான ஆபத்து. 2024 பிப்ரவரியில ஜிமெயில் கறார் பண்ணிடுச்சு. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்துக்கு 3 பேர். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல அனுப்பினா டிஎம்ஏஆர்சி, ஒரே க்ளிக்ல விலகுற வசதின்னு இன்னும் கண்டிஷன். டொமைன் பேரு ஒருதடவை கெட்டா, பழைய கஸ்டமருக்கு அண்ணன் அனுப்புற இன்வாய்ஸும் குப்பைக்குத்தான் போகும். இருக்கற 4 கஸ்டமரும் போனா அந்த 6 பேருக்கு சம்பளம் எங்கிருந்து வரும்?

சட்டமும் ஊருக்கு ஊரு வேற. அமெரிக்காவுல 2003 சட்டப்படி கேக்காம அனுப்பலாம். தபால் முகவரி போடணும், வேணாம்னா 10 வேலை நாளுக்குள்ள நிறுத்தணும். ஜெர்மனியில கடைக்காரரா இருந்தாலும் முன்கூட்டியே சம்மதம் வேணும். நம்ம டிராய் 2018-ல போட்ட விதி ஃபோனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். மெயில் அதுல வராது. தொல்லை மெயிலையும் சேர்த்துப் பிடிச்ச 66ஏ பிரிவை 2015-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. பண்ணினதும் சரிதான், அது பிடிச்சதெல்லாம் வேற ஆளுங்களை!

அப்ப அனுப்பவே கூடாதான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். லிஸ்ட் வாங்கறதை நிறுத்திட்டு, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து இந்தியாவுலயும் அமெரிக்காவுலயும் 12 கடை தேடினோம். ஒவ்வொரு கடையும் என்ன விக்குதுன்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி தனித்தனியா அஞ்சாறு வரி. அட்டாச்மென்ட் கிடையாது, "டியர் சார்/மேடம்" கிடையாது. 3 பேர் பதில் போட்டாங்க. அதுல பெங்களூர்க் கடை ஒண்ணு சாம்பிள் கேட்டு, 200 பாக்கெட் ஆர்டரும் குடுத்துச்சு. இன்னொருத்தர் வேணாம்னு மரியாதையா சொன்னார். மூணாமவர் விலையைக் கேட்டதோட சரி, ஆளைக் காணோம்.

அண்ணனுக்கு இன்னும் அந்த 10,000 மேல ஒரு கண்ணு இருக்கத்தான் செய்யுது. ஜெர்மனிக்கு மட்டும் மெயில் வேணாம்னு ஒத்துக்கிட்டு, கவருக்குள்ள நாலு பத்தி வெச்சு 5 கடைக்குத் தபால்ல அனுப்பியிருக்கார். மெயில்ல வாசனை போகாதுல்ல? போன மாசம் அனுப்பினது, இன்னும் பதில் வரல.