ஊர் வாய் திறக்காததுக்குக் காரணம் பாசம் மட்டுமா?

இங்கிலாந்துக் கடற்கரைக் கடத்தல்காரர்களைக் கதைகள் ரொம்பவே அழகாக்கிடுச்சு. நிலா வெளிச்சம், பிராந்திப் பீப்பாய், ஊரே சேர்ந்து காக்குற ரகசியம். 1906-இல் கிப்ளிங் எழுதின கடத்தல்காரர் பாட்டு குழந்தைகளுக்கே பிடிச்சுப்போச்சு. ஆனா அந்த ஊர் மௌனத்துல பயமும் நிறைய இருந்துச்சு. ஹாக்கர்ஸ்ட் கடத்தல் கும்பல் 1747 அக்டோபர்ல பூல் துறைமுகச் சுங்கக் கிடங்கை உடைச்சு, பறிமுதலான தேயிலையை அள்ளிட்டுப் போச்சு. அதுபத்திச் சாட்சி சொல்லக் கிளம்பினவர் டேனியல் சேட்டர், செருப்புத் தைக்கிற தொழிலாளி. 1748 பிப்ரவரியில அவரையும் கூடப் போன சுங்க ஊழியர் வில்லியம் கேலியையும் பிடிச்சு, சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க. சேட்டரைக் கிணத்துல தள்ளி மேலே கல்லைப் போட்டாங்க.

வரி அநியாயம், ஏழைங்க வேற என்ன செய்வாங்கன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக் குறைச்சதும் தேயிலைக் கடத்தல் படுத்துடுச்சு. ஆனா வரி கடத்தலுக்குத்தான் காரணம், கொலைக்கு இல்ல. சேட்டர் என்ன பிரபுவா? அவரும் ஏழைதானே. டாஃப்னி டு மோரியர் 1936-இல் ‘ஜமைக்கா இன்’ நாவல்ல, ஊர் மௌனத்துக்குப் பின்னால இருந்த அந்தப் பயத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வச்சார். அதனாலதான் எனக்கு அது பெரிய நாவல்.

கடத்தல் கதைன்னா நாம ஏன் எப்பவும் படகுல ஏறிக்கிறோம், சாட்சி சொல்லப் போனவர் கூட ஏன் நடக்கிறதில்ல?