பற்று

கடல்நத்தை என்றதும் சுருண்ட ஓடுதான் ஞாபகம் வரும். லிம்பெட் வகைகளுக்கு அந்தச் சுருள் கிடையாது. கூம்புத் தொப்பியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஓர் ஓடு, அடியில் ஒட்டிக்கொள்ள ஒரு சதைப்பாதம், அவ்வளவுதான். பெரும்பாலும் பாறைகளில் வாழும். லோட்டியா அல்வியஸ் என்ற இனம் புல்லைத் தேர்ந்தெடுத்தது.

கனடாவின் லாப்ரடாரிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் சவுண்ட் வரை, அட்லாண்டிக் கரையோரம் ஈல்கிராஸ் என்ற கடற்புல் வளர்கிறது. ரிப்பன் மாதிரி நீண்ட இலை. அந்த இலையின் அகலத்துக்கு ஏற்ற மாதிரி நத்தையின் ஓடும் ஒடுங்கி நீண்டிருந்தது. வீடும் அந்த இலைதான், சாப்பாடும் அதுதான்.

1930களின் தொடக்கத்தில் புல்லுக்கு நோய் வந்தது. லாபிரிந்துலா என்ற நுண்ணுயிர் தொற்றி, இலைகள் கருத்து உதிர்ந்தன. சில ஆண்டுகளில் அட்லாண்டிக் கரையோரப் புல்லில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. அதைத் தின்று வாழ்ந்த பிராண்ட் என்ற காட்டுவாத்துகளின் எண்ணிக்கையும் சரிந்தது. மிஞ்சியவை வேறு கடற்பாசியைத் தின்னப் பழகிக்கொண்டன. புல்லும் முழுசாக அழியவில்லை. ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்த இடங்களில் நோய் அவ்வளவாகத் தாக்கவில்லை. அங்கே பிழைத்தது, பிறகு மெல்லப் பரவியது.

நத்தைக்கு அந்த வழியும் இல்லை. உப்பு குறைந்த தண்ணீர் அதுக்கு ஆகாது. புல் இருந்த இடத்தில் அதால் வாழ முடியாது, வாழ முடிந்த இடத்தில் புல் இல்லை.

சரி, யாரு கவனிச்சா? வாத்து குறைந்தது வேட்டைக்காரர்களுக்கு உடனே தெரிந்தது. நத்தை போனதை ஜேம்ஸ் கார்ல்டனும் சக ஆய்வாளர்களும் 1991இல்தான் எழுதினார்கள். வரலாற்றுக் காலத்தில் ஒரு பெருங்கடலிலிருந்தே மறைந்த முதல் முதுகெலும்பில்லாக் கடலுயிர் என்று அதைப் பதிவு செய்தார்கள். அதற்குள் ஏறக்குறைய 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. நெருங்கிய உறவினம் பசிபிக்கில் இருக்கிறது. அட்லாண்டிக்கில் மிச்சம் இருப்பது அருங்காட்சியக இழுப்பறைகளில் உள்ள ஓடுகள்.

தமிழில் 'பற்று' என்பது ஒட்டிக்கொள்வதையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். மொழிப்பற்று, ஊர்ப்பற்று என்று பெருமையாகச் சொல்லி வளர்ந்த எனக்கு இந்த நத்தையின் கதை லேசாக உறுத்துகிறது. ஒன்றையே பற்றியதால் அழிந்தது, அதனால் பற்று கூடாது என்று பாடம் எடுக்க மனசு வரவில்லை. அந்த இலை இல்லாவிட்டால் அந்த ஒடுங்கிய ஓடே உருவாகியிருக்காது. நத்தையின் மேல் தப்பில்லை.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்த 60 ஆண்டுகள்தான். ஒன்று இல்லாமல் போனதை உணர, அது இருந்தபோது பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நாலு பேராவது வேண்டும். புல் திரும்பி வந்தபோது, பார்த்தவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். இலைகள் பச்சையாகத்தானே இருந்தன.