எர்த் வயர்

சாவி திருப்பும் சத்தத்தைக் கேட்டே காரின் வருத்தத்தைச் சொல்லிவிடுவேன் என்று கல்லடிப் பக்கம் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஊட்டி வளர்த்தவன் நான்தான். கராச்சில் மல்ற்றிமீற்றர் இருந்தது, லாச்சிக்குள். கார்க்காரர் பக்கத்தில் நிற்கும்போது அதை எடுக்க எனக்கு வெட்கம்.

அது முழுப் பொய்ப் பெயருமில்லை. நான் தொழில் பழகியது மொரிஸ் மைனரில். பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர்; அது கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் சத்தமே சொல்லிவிடும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பொறி இல்லை, அல்லது பெற்றோல் வரவில்லை. சடசடவென்று தட்டினால் கரண்ட் போதவில்லை. ஒரேயொரு 'டொக்' என்றால் ஸ்ராட்டர் பக்கம் போகவேண்டும். அனேகமாகச் சரிவரும்.

சரிவராத இடமும் எனக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, காற்றே உவர். பற்றரி முனையில் பச்சை பூத்தால் சுடுதண்ணி ஊற்றித் துடைக்க இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே பச்சை வயரின் தோலுக்குள்ளும் பூக்கும். வெளியே பார்த்தால் றப்பர் புதுசாகவே இருக்கும்.

2022 இல் படுவான்கரையிலிருந்து ஒருவர் மண்முனைப் பாலத்தால் தன் நிசான் சனியைக் கொண்டுவந்தார். வேளாண்மைக்காரர், இடையிடையே ஹயரும் ஓடுவார். 2014 இல் பாலம் திறக்கும்வரை அந்தக் கார் பாதைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தது என்றார். உவரில் ஊறிய கார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. இன்னொரு பற்றரியிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்தேன், உடனே ஸ்ராட் ஆனது. "பற்றரி முடிஞ்சுது அண்ணே" என்றேன். கறுப்புக் கிளிப்பை நான் எஞ்சின் இரும்பில் மாட்டியிருந்தேன். ஆகவே கரண்ட், பற்றரியை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரைத் தொடாமலே திரும்பிப் போயிருக்கிறது. உழுத்துப்போன வயருக்கு நானே மாற்றுவழி போட்டுக் கொடுத்துவிட்டு, பற்றரியில் பழியைப் போட்டேன்.

டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய வருடம் அது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது. உரம் கிடைக்காமல் விளைச்சல் விழுந்த போகத்தின் காசில் மனிதர் பற்றரி வாங்கினார்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்.

"பாஸ், பற்றரி இப்பதானே மாத்தினது?"

"இது ஸ்ராட்டர் அண்ணே. காபன் தேஞ்சு போச்சு."

திறந்து பார்க்காமலே சொன்னேன். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பான் கழிவு ஸ்ராட்டர் ஒன்று எடுப்பித்துப் பூட்டினேன். எர்த் வயரும் அதே ஸ்ராட்டர் ஆணியில்தான் முறுக்கியிருந்தது. கழற்றிப் பூட்டியதில் முனை கொஞ்சம் சுரண்டுப்பட்டு, கார் சில நாள் ஒழுங்காக ஓடியது. நான் சொன்னது சரியென்று நானே நம்பிவிட்டேன்.

மறுபடி கார் வந்தபோது, அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து லாச்சியைத் திறந்தேன். பற்றரி 12.6 வோல்ற், குறையொன்றுமில்லை. மீற்றரின் ஒரு முனையை நெகற்றிவ் முனையிலும் மற்றதை எஞ்சினிலும் பிடித்து, பொடியனைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ற்றைத் தாண்டக்கூடாத இடத்தில் இரண்டுக்கு மேல் காட்டியது. வயரைக் கழற்றிக் கத்தியால் கீறினேன். செம்பு இருந்த இடத்தில் பச்சைத் தூள் கொட்டியது. புது வயர் போட்டதும் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது.

அவர் வந்தபோது சொல்லியிருக்கலாம். "ஒரு வயரும் மாத்தினான் அண்ணே, காசு வேணாம்" என்றேன். கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அவருடைய பழைய ஸ்ராட்டரைப் பிறகு திறந்து பார்த்தேன். காபனில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதை இன்னொரு சனிக்குப் பூட்டிக் காசும் வாங்கினேன். இதை என் வீட்டிலும் சொன்னதில்லை.

அவர் இன்றும் ஒயில் மாற்ற என்னிடம்தான் வருகிறார். ஒவ்வொரு முறையும் கூலியில் கொஞ்சம் குறைக்கிறேன். ஏனென்று அவருக்குத் தெரியாது. படுவான்கரையில் பாஸ் நல்ல மனிசன் என்று சொல்லித் தன் சொந்தக்காரரின் வண்டிகளையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.