எடுத்து வைத்தல்

குழி மெஷினின் இன்ஜினை மெக்கானிக் முதலில் தொடவில்லை. பிட்டைத்தான் கழற்றிச் சாக்கின்மேல் கிடத்தினார். எட்டு அங்குல அகலம், இடுப்பளவு நீளம். சுருண்டு இறங்கும் தகட்டின் இடுக்குகளில் களிமண் அப்பிக் காய்ந்திருந்தது. இரும்புச் சுரண்டி கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தும் அதை எடுக்காமல், ஒரு மூங்கில் சிம்பைத் தேடி எடுத்துச் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து உரியும். உரிந்த இடத்தில் துரு ஏறும். இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எதிர்ப் பெஞ்சில் டீக்கு உட்கார்ந்திருந்த எனக்கு, சிம்பு போன போக்கிலேயே அது புரிந்தது.

திருத்துறைப்பூண்டியில் வேதாரண்யம் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர்கள், புல் வெட்டும் மெஷின்கள், மரம் அறுக்கும் ரம்பம், ஒரு மூலையில் தூசி படிந்த ஜெனரேட்டர். ஐப்பசி பிறந்துவிட்டது. கிழக்கே வானம் கருத்து நிற்கிறது. சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் நிற்கிறது. இனி தை வரைக்கும் இந்தப் பக்கம் குழி எடுக்கிற பேச்சே கிடையாது. எடுத்தாலும் இரண்டடி போவதற்குள் ஊற்று கண்டுவிடும். குழி மெஷினுக்கு ஓய்வுக்காலம் தொடங்குகிறது. அதைத்தான் அதன் சொந்தக்காரரான பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். ரிப்பேர் ஒன்றும் இல்லை. எடுத்து வைப்பதற்கு முன் ஒரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கொட்டகைக்கு மெஷின்கள் வந்த வரிசை, கஜா புயலின் வரிசை. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. இந்த வட்டாரத்துத் தென்னையும் மாவும் ஒரே இரவில் சாய்ந்தன. விழுந்த மரத்தை அறுக்க ரம்பம் வந்தது. கம்பங்கள் முறிந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டர் வந்தது. பிறகு, போன மரங்களுக்குப் பதில் கன்று வைக்கவும், வேலிக்கால் ஊன்றவும் இந்தக் குழி மெஷின். தென்னைக்கு இது போதாது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று குழி வேண்டும், அதற்கு மண்வெட்டிதான். வேம்பு, புங்கன் கன்றுகளுக்கும், வேலிக்கல்லுக்கும் இது போதும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களியில், முதல்நாள் தண்ணீர் விட்டு வைத்தால், சில நிமிடத்தில் ஒரு குழி.

மண் போனதும் தகட்டைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். பிட்டின் வாயில் உள்ள பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஒன்று மழுங்கியிருந்தது. அரத்தால் ஒரே பக்கமாக இழுத்தார். பின்னுக்கு இழுக்கவே இல்லை. நடுவில் இருக்கும் கூர்முனையை மட்டும் உப்புத்தாள் போட்டு விட்டுவிட்டார். கடைசியாகப் பழைய ஆயிலைத் துணியில் தொட்டு, மேலிருந்து கீழாக முழுக்கப் பூசினார். உதவிக்கு நின்ற பையன் ஆயில் டப்பாவை மூடப் போனான். "இருடா, போல்ட்டு துவாரத்தை விட்டுட்டோம்" என்றார். பிட்டையும் இன்ஜின் தண்டையும் சேர்க்கும் போல்ட்டு அங்கேதான் துருப்பிடித்து இறுகும். அப்படி இறுகினால் தையில் சுத்தியல்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது டேங்க். மூடியைத் திறந்து சாய்த்து, கலவையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வடித்தார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் அரை டேங்க் இருக்கே தம்பி."

"கீழ ஊத்தலங்கய்யா. புடிச்சுத் தர்றேன். வீட்ல பவர் ஸ்பிரேயருக்கு இன்னிக்கே ஊத்தி அடிச்சிடுங்க. வச்சிருக்காதீங்க."

"மூடி இறுக்கமாத்தானே இருக்கு?"

"இறுக்கமா இருந்தாலும் ஈரம் இழுக்கும்யா. பங்குலயே எத்தனால் கலந்துதானே வருது."

அவர் அதற்குமேல் விளக்கவில்லை. நான் விளக்கலாம், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் மெஷினை இழக்கிறார்கள். 2023 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் காற்றின் ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வாயும் அடியில்தான் கிடக்கிறது. அது முதலில் இழுப்பது அந்தத் தண்ணீரை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. அந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் உள்ளதைக் குடித்து இன்ஜின் தப்பித்தவறி ஓடினாலும், ஆயில் இல்லாமல் ஓடும். சிலிண்டர் கீறிப்போகும்.

மூலையில் நின்ற ஜெனரேட்டரைப் பற்றிப் பெரியவர் கேட்டார். கஜாவின்போது வாங்கியது, பெட்ரோலோடு அப்படியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தது. 2020 கடைசியில் நிவரும் புரெவியும் அடுத்தடுத்து வந்தபோது கயிற்றை இழுத்திருக்கிறார்கள். ஒரு இருமல்கூட வரவில்லை. கார்ப்பரேட்டரைப் பிரித்தால், லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப் போய் மிச்சம் பிசினாகப் படிந்து, ஊசித் துவாரம் அடைத்துக் கிடந்ததாம். "வேலை செஞ்சு கெட்டது கம்மிங்கய்யா. சும்மா இருந்து கெட்டதுதான் எங்கிட்ட வர்றதுல பாதி" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம் இருந்தது.

டேங்கைக் காலி செய்தபின்னும் அவர் விடவில்லை. கயிற்றை இழுத்து இன்ஜினை ஓட விட்டார். குழாயிலும் கார்ப்பரேட்டரிலும் மிஞ்சியதைத் தின்று தீர்த்து, சத்தம் ஒருமுறை ஏறி, தானாகவே அணைந்தது. மறுபடி இழுத்தார். அரை மூச்சு ஓடி நின்றது. அதற்குப் பிறகுதான் பெட்ரோல் தீர்ந்ததாக ஒப்புக்கொண்டார்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காப்பிப்பொடி நிறம். தலையசைத்தார். பிளக் இருந்த துவாரத்தில் ஒரு தேக்கரண்டி அளவு 2டி ஆயில் விட்டு, ஒரு துணியை மேலே போட்டுக்கொண்டு, கயிற்றை மிக மெதுவாக இழுத்தார். இவ்வளவு நேரம் விசையோடு இழுத்த அதே கை இப்போது அப்படி நிதானித்ததைப் பார்க்க வேண்டும். சிலிண்டர் சுவர் முழுக்க ஆயில் பரவுவதற்காக அந்த நிதானம். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, இன்னொரு முறை இழுத்து, கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்தினார். பிஸ்டன் மேலே நிற்கிறது. புகை போகும் வாயை அதன் உடம்பே அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்து ஈரக்காற்று அந்த வழியாகச் சிலிண்டருக்குள் போகாது.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிப் பையன் கொடியில் போட்டான். கியர் பெட்டியில் கிரீஸ் பார்த்து ஏற்றினார்கள். இதெல்லாம் சட்டென்று முடிந்தது.

இந்த மெஷினின் உடன்பிறப்பு குளிர்ப் பிரதேசங்களில் வேறு வேலை செய்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் கனடாவிலும் பின்லாந்திலும் குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறார்கள். அதே இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், அதே கைப்பிடி. பிட்டின் வாய் மட்டும் வேறு: அங்கே பனியைச் சீவும் கத்தி, இங்கே மண்ணைக் கிளறும் பல். பனி உருகும்போது அவர்கள் எடுத்து வைக்கிறார்கள். வானம் இறங்கும்போது நாம். அங்கேயும் டேங்கை வடிக்கிறார்கள், பிளக் துவாரத்தில் ஆயில் விடுகிறார்கள், கத்தியைத் துடைத்து உறை போடுகிறார்கள். நமக்குக் கூடுதலாக இரண்டு: உப்புக்காற்றும் எலியும். இங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் போகும் 37 கிலோமீட்டர் ரயில்பாதை உப்பளத்துப் பக்கம்தான் போய் முடிகிறது. அந்தப் பக்கத்துக் காற்றில் வெறும் இரும்பு தாங்காது. வீட்டுக்குள் ஏறும் எலிக்குப் பெட்ரோல் குழாய் பிடிக்கும்.

"தரையில வைக்காதீங்கய்யா. பிட்டைத் தனியா ஆணியில மாட்டிடுங்க. இன்ஜினைப் பரண்ல வைங்க. பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிப்புடாதீங்க, உள்ள வேர்க்கும். பழைய வேட்டி போட்டு மூடுங்க."

"பத்தாயத்து மேல வைக்கலாமா?"

"நெல்லு இருந்தா வேணாம். பெட்ரோல் வாடை ஏறிடும்."

பெரியவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டில் இருப்பது விதைநெல்லாக இருக்கும் என்று நினைத்தேன். இது நெல் திருவிழா நடக்கும் ஊர். கட்டிமேட்டு நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, 2 கிலோ விதை கொடுத்து அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கிய ஊர். கஜா அடித்த மூன்றாவது வாரம், 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதை இன்னும் பல வீடுகளில் வருஷந்தோறும் மண்ணைப் பார்க்கிறது. பெரியவர் அடுத்துக் கேட்டதும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தது.

"விதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது விதைச்சுப்புடணும், இல்லேன்னா முளைப்பு போயிரும். இதையும் நடுவுல ஓட்டணுமா?"

மெக்கானிக் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "ஓட்ட வேணாங்கய்யா. மாசத்துக்கு ஒரு தடவை கயித்தை மெதுவா ரெண்டு இழுப்பு இழுத்து, கனக்குற இடத்துல நிறுத்திடுங்க. அது போதும்."

"எவ்ளோ ஆச்சு தம்பி?"

"முந்நூறு குடுங்க."

பெரியவர் ஒரு கணம் தயங்கினார். ஒரு பாகமும் மாற்றவில்லையே என்று தோன்றியிருக்கும். எனக்கு அந்தக் கூலி குறைவாகவே பட்டது. ஒரு சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றினால் இதைப்போல் பல மடங்கு ஆகும். அதோடு, இந்த வேலையை நன்றாகச் செய்தாரா என்று தை வரை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. முடியாது என்று தெரிந்தும் அந்தப் போல்ட்டு துவாரத்துக்கு ஆயில் விட்டவர் அவர். பெரியவர் பணத்தை எண்ணிக் கொடுத்தார், பேரம் பேசவில்லை.

இன்ஜினை எக்ஸ்எல்லின் பின்னால் வைத்துக் கட்டும்போது தூறல் விழுந்தது. பையன் ஓடிப்போய் ஸ்பாஞ்சை எடுத்து வந்தான், பாதிதான் காய்ந்திருந்தது. அதை மாட்டாமல் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

"தையில எடுக்கும்போது புதுப் பெட்ரோல் கலந்து ஊத்துங்க. லிட்டருக்கு நாப்பது மில்லி 2டி ஆயில். மொதல்ல கொஞ்சம் புகையும், பயந்துடாதீங்க, நாம விட்ட ஆயில்தான் அது." வண்டி நகர்ந்துவிட்டது. அவர் கொட்டகை வாசல்வரை வந்து மறுபடி குரல் கொடுத்தார்: "கண்ணளவுல ஊத்தாதீங்கய்யா, அளந்து ஊத்துங்க!"