ப்ளாவோ மலைப்பாதை

போன வருடம் இல்லை, அதற்கு முந்தைய வருடமும் இல்லை, 2023 ஜூலை கடைசியில் ஒரு இரவு பாரிஸிலிருந்து என் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மழையில் ஒரு மலைச்சரிவு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து சாலையோரக் கட்டடத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. வியட்நாமில் பாவ் லோக் கணவாய். அங்கிருந்த போக்குவரத்துப் போலீஸ் சாவடியில் மூன்று போலீஸ்காரர்களும் பொதுமக்களில் ஒருவரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். கீழே தங்கை எழுதியிருந்தாள்: "அண்ணே, நம்ம ப்ளாவோ இதுதானே?"

இதுதான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அதன் பெயர் ப்ளாவோ. நாங்கள் சைகோனில் இருந்த நாட்களில் அப்படித்தான் சொல்வோம்.

புதுவைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே வீட்டுக்கு ஒருவர் சைகோன் போய்வந்த காலம் உண்டு. சுங்கத்தில், போலீஸில், கஜானாவில், பாங்கில் என்று நம்மவர்கள் நிறைய. என் அப்பாவுக்கு அரசாங்க வேலை வாய்க்கவில்லை. தேயிலை வியாபாரம் செய்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் கணக்கெழுதினார். கம்பெனிக்கு ப்ளாவோவில் தோட்டம் இருந்தது. மாதம் ஒருமுறை கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டு அப்பா மேலே போக வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் எங்களையும் கூட்டிப்போவார். விடுமுறை வருவது நல்ல மழைக்காலத்தில். ஒரு மலைப்பாதையைப் பார்க்க அதைவிட மோசமான காலம் கிடையாது.

சைகோனிலிருந்து தலாத் சுமார் 300 கிலோமீட்டர். அதில் ப்ளாவோ 190ஆவது கிலோமீட்டர் வாக்கில் வரும். பியென் ஹோவா தாண்டி, பெரிய சாலையை விட்டு இடப்பக்கம் பிரிந்தால் ரப்பர்த் தோட்டங்கள். பிறகு லா ங்கா ஆற்றுப் பாலம். அம்மா அதை "லங்கா" என்றே சொல்வாள். பாலம் கடந்ததும் "லங்கையத் தாண்டியாச்சு, இனிமே ராமர் பார்த்துப்பார்" என்பாள். அப்பா சிரிக்கமாட்டார். 1948 மார்ச் முதல் தேதி அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வியட்மின் படைகள் சைகோனிலிருந்து தலாத் போன வாகன வரிசையை மறித்துத் தாக்கின. அந்தக் காலத்தில் தனி வண்டி போக முடியாது. ராணுவத்தோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நான் சொல்லும் 1957இல் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனால் அப்பா அந்தப் பாலத்தில் பேசிய நினைவு எனக்கில்லை.

அப்புறம் தின் குவான். ஒன்றின்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்ததுபோல் மூன்று பெரிய பாறைகள் சாலையோரம் நிற்கும். எங்களுக்கு அங்கே ரொட்டியும் வாழைப்பழமும். அதற்கும் மேலே போனால் காடு. காட்டுக்கு நடுவே ப்ளாவோ கணவாய்.

கணவாய் என்னவோ பத்து கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஈரம் சொட்டும் பாறை, மறுபக்கம் மரங்களின் உச்சி. மரத்தின் உச்சியைக் கீழே குனிந்து பார்ப்பது எனக்கு அங்கேதான் முதலில் பழக்கமானது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கச் சொல்லி பிரெஞ்சில் பலகை. நான் பிரெஞ்சுப் பள்ளிப் பையன் அல்லவா, ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படிப்பேன். எங்கள் டிரைவர் வியட்நாமியர். அன் ஹாய் என்று கூப்பிடுவோம். அர்த்தம் "இரண்டாவது அண்ணன்". ஆனால் அவர்தான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. தெற்கத்தி வியட்நாமியர்கள் மூத்த பிள்ளையையே இரண்டாவது என்பார்கள், ஒன்று என்று யாரையும் அழைக்கமாட்டார்கள். நான் ஒரு பலகையைப் படித்தால் அன் ஹாய் ஒரு ஹாரன் அடிப்பார். அது எங்களுக்குள் விளையாட்டு.

கம்பெனி வண்டி கறுப்பு சித்ரோவென். கியர்த் தடி தரையிலிருந்து வராது, முன்பலகையிலிருந்து குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முன்னே போக மூன்றே கியர். "எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை நம்பாதே" என்பது அன் ஹாயின் வேதம். கணவாய் நடுவில் ஒரு சின்ன மேடைக்கோவில் இருந்தது. அங்கே நிறுத்தி மூன்று ஊதுவத்தி ஏற்றாமல் அவர் மேலே போகமாட்டார். அப்பா, முருக பக்தர், அந்த மேடையிலும் ஒரு காசு வைப்பார். செலவுக் கணக்கில் அதை எப்படி எழுதினாரோ தெரியாது.

இனி அந்த இரவு.

தங்கைக்கு அப்போது இரண்டு வயது. தோட்டத்துக்குப் போன நான்காம் நாள் சளி என்றார்கள். ஐந்தாம் நாள் மாலை இருமல் மாறிவிட்டது. நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி ஒரு சத்தம். மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி இன்னொரு சத்தம். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பிரெஞ்சில் சொன்னார். எனக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரியவில்லை. தொண்டை அடைப்பான். அந்த நோய்க்கு சீரம் போட வேண்டும். தோட்டத்தில் இல்லை.

தலாத்தான் பக்கம். ஆனால் அன்று பகலிலேயே ஜிரிங்குக்கு அப்பால் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது. சைகோன்தான் போக வேண்டும். அன் ஹாயோ இரண்டு நாளாகக் குளிர்க் காய்ச்சலில் பல் தந்தியடிக்கக் கிடக்கிறார். தோட்டத்து முசே ஊரில் இல்லை.

அப்பாவுக்கு லைசென்ஸ் இருந்தது. சைகோன் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருக்கிறார். மலையில் ஓட்டியதே இல்லை.

இரவு ஒன்பது மணி இருக்கும், கிளம்பினோம். தூறல். தேயிலைக் காடெல்லாம் தாண்டி கணவாயின் முதல் வளைவுக்கு வந்தோம், அங்கே பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. பிரெஞ்சு வண்டிகளுக்கு விளக்கு மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் வெளிச்சம் பத்தடி போய் அப்படியே கரைந்துவிட்டது. சாலை எது, பள்ளம் எது, ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஒரு வளைவு போனார். இரண்டாவதில் ஒரு சக்கரம் சரளையில் இறங்கி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நிறுத்திவிட்டார்.

அவர் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. "என்னால முடியாது. விடியட்டும்" என்றார். குரல் என் அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. பத்து வயதுப் பையன் தன் அப்பா அழுவதைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தங்கையின் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிறகு கேட்டாள்: "என்னங்க, நான் நடக்கிற வேகத்துல வண்டிய உருட்டிக்கிட்டு வருவீங்களா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா தங்கையை என் மடியில் உட்கார்த்தி வைத்தாள். "படுக்க வைக்காத, நிமுத்தியே புடி. மூச்சு நின்னா கத்து" என்றாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டாள். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டாள், வழுக்கும் என்று. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கி முன்னால் போய் நின்றாள். பாறைப் பக்கம் ஒரு கையால் தடவிப் பார்த்தாள். நடக்க ஆரம்பித்தாள்.

அப்பா முதல் கியரில் பின்னாலேயே போனார்.

நான் பார்த்ததெல்லாம் ஒரு சேலையின் முதுகுப்பக்கம். அது வளைந்தால் வண்டியும் வளையும். நின்றால் நிற்கும். சாலை உடைந்திருந்த இடத்தில் டார்ச்சைத் தரையில் காட்டி அசைப்பாள். அப்பா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார், கந்தன் பெயராகத்தான் இருக்கும். நான் தங்கையின் மூச்சை எண்ணினேன். எண்ண முடியாதபோது கிலோமீட்டர் கல்லை எண்ணினேன். தலையில் சிவப்புப் பூசிய கற்கள், அம்மா ஒவ்வொன்றையும் டார்ச்சால் தொட்டுக் காட்டிவிட்டுப் போவாள். மேடைக்கோவில் வந்தது. அப்பா பிரேக்கில் கால் வைத்தார். அம்மா திரும்பாமலே கையை ஆட்டினாள், வா வா என்று. அவள் கும்பிடாமல் கடந்துபோன கோவில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓரிடத்தில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. ஹாரன் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. அம்மா சாலை நடுவில் நின்று டார்ச்சைத் தலைக்கு மேல் ஆட்டினாள். லாரி அவளுக்கு நான்கைந்து அடி முன்னால் வந்து நின்றது. டிரைவர் கத்தினான். அம்மாவுக்குத் தெரிந்த வியட்நாமிய மொழி மார்க்கெட்டில் மீன் விலை பேசும் அளவுதான். "கோன், பென்! கோன், பென்!" என்றாள். பிள்ளை, நோய். அவன் குரல் உடனே இறங்கிவிட்டது. வண்டியைப் பாறையோடு ஒட்டி ஒதுக்கினான். இன்னும் கொஞ்ச தூரத்தில் பனி விடும் என்று கையால் காட்டினான்.

மூன்றாவது கல் தாண்டிப் பனி விட்டது. அம்மா வந்து ஏறினாள். தங்கையை வாங்கிக்கொண்டு, "போங்க" என்றாள். அவ்வளவுதான். காலில் அட்டைகள் கடித்துத் தொங்கின, ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். அப்பா அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. லங்கையை இருட்டிலேயே தாண்டினோம். பியென் ஹோவா வரும்போது விடிந்துகொண்டிருந்தது.

சைகோன் ஆஸ்பத்திரியில் சீரம் போட்டார்கள். அதோடு தொண்டையில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். பதினெட்டு நாள். தங்கை பிழைத்தாள். அந்தத் தழும்பை மறைக்க இன்றும் சங்கிலி போட்டுக்கொள்கிறாள்.

1960இல் புதுச்சேரி வந்துவிட்டோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்தால் சைகோன் கதைதான். ஓய்வூதிய சொல்தாக்கள் போர்க் கதை சொன்னால், அப்பா மலைக் கதை சொல்வார். முதலில் சொன்ன நாட்களில் "இவ விளக்கு பிடிச்சா, நான் ஓட்டினேன்" என்றுதான் வரும். பிறகு "விளக்கு வெளிச்சத்துல ஓட்டினேன்" ஆனது. அப்புறம் அந்த விளக்கும் கதையிலிருந்து போய்விட்டது. அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தவன் நான். ஒரு குறிப்பைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு வரி விட்டுப்போகும். அடுத்த ஆள் அதைத்தான் மூலம் என்பான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது உண்மை.

ஒருநாள், எனக்குப் பதினாலு பதினைந்து வயது, திண்ணையில் அந்தக் கதை நடந்துகொண்டிருந்தது. அம்மா காப்பி கொண்டுவந்தாள். "மலையிலேருந்து தனியா இறக்கிட்டீங்களே" என்று ஒருவர் வியந்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா டம்ளரை வைத்தபடி என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது.

அப்பா காலமான பிறகு ஒருமுறை அவளிடமே கேட்டேன், ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று. முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு ஓட்டலன்னா நான் நடந்து என்னத்துக்குடா?" என்றாள். பிறகு, "பயந்தவரு பயந்துக்கிட்டே வந்தாரு பாரு" என்றாள். அதற்குமேல் பேச்சை வளர்க்கவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு அப்பா ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. கம்பெனி வேலைக்கு டிரைவரோடு போனார், புதுவையில் சைக்கிள். எழுபதுகளில் ஒருமுறை எல்லோரும் ஏற்காடு போனோம். பஸ் ஏறத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், மேலே போய்ச் சேரும்வரை திறக்கவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தங்கைக்கும் அப்பாவின் கதைதான் தெரியும். அந்த வீடியோ வந்த இரவு நானே அவளுக்குப் போன் போட்டேன். முழுதாகச் சொன்னேன். அறுபத்தாறு வருடம் கழித்து. பாதித் தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை கிலோமீட்டர் நடந்தாள்? மூன்று கல் எண்ணினேன். எவ்வளவு நேரம்? முக்கால் மணிக்குக் குறையாது. சேலை என்ன நிறம்? அதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த விளக்கில் எல்லாமே மஞ்சள்.

"அப்போ அம்மாவுக்கு என்ன வயசு, அண்ணே?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். இருபத்தெட்டு.

அவள் பேரனுக்கு வயது அதுதான். சிறிது நேரம் பேசவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.